ப்யூக்கெலாரின் நான்கு படங்கள்: சந்தையா, பூதங்களா?

செங்காவி, ஜூன் 4

லண்டன் நேஷனல் கேலரியில் 16-ம் நூற்றாண்டு ஆண்ட்வெர்ப் ஓவியர் யோவாகிம் ப்யூக்கெலார் வரைந்த நான்கு பெரிய படங்கள் இருக்கின்றன. நிலம், நீர், காற்று, நெருப்பு என்று பெயர். நிலத்தில் காய்கறிக்கடை, நீரில் மீன்கடை, காற்றில் கோழிக்கடை, நெருப்பில் சமையலறை. இதில் பூதம் எங்கே வந்தது? வெறும் சந்தைப் படங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒரு தத்துவப் பெயரை ஒட்டிவிட்டார்கள் என்றே படுகிறது. நான்கிலும் தூரத்தில் குட்டியாக ஒரு பைபிள் காட்சி வேறு. 1566-ல் ஆண்ட்வெர்ப்பில் தேவாலயச் சிலைகளையும் படங்களையும் உடைத்தார்களே, அந்தப் பயத்தில் சாமி படத்தைப் பின்னால் ஒளித்துவிட்டுக் கத்தரிக்காயை முன்னால் வைத்தார்கள். இதுதான் என் கணிப்பு.

மையிழை, ஜூன் 4

இரண்டாவது கணிப்பு நிற்காது, அதை முதலில் முடித்துவிடுவோம். முன்னால் கடை, பின்னால் வேதக்காட்சி என்ற அமைப்பு 1566-க்கு முன்பே வந்துவிட்டது. பீட்டர் ஆர்ட்சென் வரைந்த இறைச்சிக்கடை 1551-ஐச் சேர்ந்தது. ஒரு பிரதி ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முன்னால் மாட்டுத் தலை, தொங்கும் தொடை, தொத்திறைச்சி, மீன். அந்த இறைச்சிக்கு நடுவே உள்ள இடைவெளியில் எகிப்துக்கு ஓடிப்போகும் இயேசுவின் தாய் மரியாள் கழுதை மேல் இருந்தபடி ஏழைக்கு ரொட்டி கொடுக்கிறார். உடைப்புக்கு 15 வருடம் முந்தியது. அடுத்த வருடமே மார்த்தாள், மரியாள் வீட்டில் இயேசு என்ற பொருளை இதே முறையில் வரைந்தார். அது வியன்னாவில் இருக்கிறது.

ஆர்ட்சென் யார் என்றால், ப்யூக்கெலாரின் அத்தையைக் கட்டியவர், அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். மருமகன் 1560-ல் ஆண்ட்வெர்ப் ஓவியர்களின் புனித லூக்கா சங்கத்தில் தனி ஆசானாகப் பதிவானபோது இந்த அமைப்பு வீட்டுச் சொத்தாகவே கையில் இருந்தது.

1566 ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பலிபீடப் படங்களுக்கான வேலை சுருங்கியது. வீட்டுச் சுவருக்கான படம் வரைந்தவர்களுக்கு அது சாதகம். ஆனால் ஒளித்துவைத்தார்கள் என்ற வாதத்துக்கு அந்த வருடம் உதவாது.

மையிழை, ஜூன் 5

இனி பூதங்கள். ஒட்டிய பெயர் என்று சொல்வதற்கு முன் நான்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். எல்லாம் கித்தானில் எண்ணெய்ச் சாயம். எல்லாம் ஏறக்குறைய 158 செ.மீ. உயரம், 215 செ.மீ. அகலம். நிலமும் நீரும் 1569. காற்றும் நெருப்பும் 1570. ஒவ்வொன்றிலும் ஒரு வேதக்காட்சி: நிலத்தில் எகிப்துக்கு ஓடிப்போகும் குடும்பம், நீரில் அற்புதமான மீன்பிடி, காற்றில் கெட்ட குமாரன், நெருப்பில் மார்த்தாள் வீடு. ஒரு தொகுதியாகத் திட்டமிட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அந்த ஆண்டு வரிசையை இன்னொரு முறை படியுங்கள். பழைய ஐரோப்பிய அண்டப் படத்தில் கனமான நிலம் அடியில், அதன் மேல் நீர், அதன் மேல் காற்று, உச்சியில் நெருப்பு. கனமான இரண்டும் முதல் வருடம், லேசான இரண்டும் அடுத்த வருடம். ஒரே வருடத்துக்குள் எது முந்தியது என்று தேதி சொல்லாது, அதனால் இதைத் தனிச் சான்றாக நான் தூக்கிப் பிடிக்கவில்லை. கணக்கு ஒத்துப்போகிறது என்பது வரைக்கும்தான்.

மையிழை, ஜூன் 5, இரவு

முக்கியமானதைச் சொல்லாமல் போய்விட்டேன். உங்கள் பட்டியலிலேயே பதில் இருக்கிறது, செங்காவி: மூன்று கடை, ஒரு சமையலறை.

நான்கு சந்தைப் படம்தான் திட்டம் என்றால் நான்காவது இறைச்சிக்கடையாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பொருளில் மாமா பேர் வாங்கியிருந்தார். ப்யூக்கெலாரே இறைச்சிக்கடை வரைந்தவர். கைவசம் மாதிரி இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. அதை விட்டுவிட்டு அடுப்படிக்கு ஏன் போனார்? நெருப்பை எந்தக் கடையிலும் கூறு போட்டு விற்க முடியாது. காய் மண்ணில் விளைகிறது, மீன் நீரில் நீந்துகிறது, பறவை காற்றில் பறக்கிறது; நெருப்பில் வாழும் பிராணி எதுவும் சந்தைக்கு வராது. நெருப்பைக் காட்ட வேண்டுமென்றால் அது வேலை செய்யும் இடத்துக்குத்தான் போக வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் பொருந்தாமல் நிற்கிறதே, அதுதான் இந்தத் தொகுதி பூதங்களைப் பற்றியது என்பதற்கு என்னிடம் உள்ள வலுவான ஆதாரம்.

கடல்நண்டு, ஜூன் 6

மீன் படத்தில் 12 வகை மீன் இருப்பதாகவும் அது 12 சீடர்களைக் குறிப்பதாகவும் அந்தப் படத்தைப் பற்றிய விளக்கங்களில் வருகிறது. அது சரிதானா? எனக்கு 12 எண்ண வரவில்லை. துண்டு போட்டது, பாதி மறைந்தது எல்லாம் எப்படி எண்ணுவது?

மையிழை, ஜூன் 6

12 வகை என்ற எண்ணிக்கையை விட, 12 சீடர் என்ற பொருத்தத்தில்தான் எனக்குத் தகராறு. பின்னணிக் காட்சியைப் பொதுவாக யோவான் சுவிசேஷம் 21-ம் அதிகாரம் என்று அடையாளம் காண்கிறார்கள், அதாவது உயிர்த்தெழுந்த பின் திபேரியாக் கடற்கரையில் நடப்பது. அந்த அதிகாரத்தைத் திறந்து படகில் யார் யார் என்று பாருங்கள். பேதுரு, தோமா, நாத்தான்வேல், செபெதேயுவின் மகன்கள் இருவர், வேறு இருவர். ஏழு பேர். யூதாஸ் அதற்கு முன்பே இறந்துவிட்டதால் மொத்தச் சீடர்களே பதினொருவர். வலையில் விழுந்த மீன் 153. வேதத்தை வரிக்கு வரி அறிந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12 என்ற எண் இந்த இடத்தில் உறுத்தியிருக்கும்.

பன்னிருவர் என்ற பொதுவான எண்ணத்தில் ஓவியர் வைத்திருக்கலாம் என்று யாராவது வாதாடினால் முற்றாக மறுக்க முடியாது. ஆனால் படத்தை வாசிக்க அது எந்த விதத்திலும் தேவைப்படவில்லை.

மீன்பிடி அற்புதம் சுவிசேஷத்தில் இரண்டு முறை வருகிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். லூக்கா 5-ல் இயேசு படகில் இருக்கிறார், பேதுரு அவர் முழங்காலில் விழுகிறான், வலை கிழிகிறது. யோவான் 21-ல் இயேசு கரையில் நிற்கிறார், பேதுரு கடலில் குதிக்கிறான், வலை கிழியவில்லை, கரையில் கரிநெருப்பு. எந்த ஓவியமானாலும் இயேசு படகிலா கரையிலா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கடல்நண்டு, ஜூன் 7

கரையில் நெருப்பா! நீர்ப் படத்துக்குள்ளேயே நெருப்பு வந்துவிட்டதே.

மீன் பற்றி என் பங்குக்கு: இவருடைய மீன்கடைகளில் கடல் மீனும் ஆற்று மீனும் ஒரே பலகையில் கிடக்கின்றன. சால்மனைக் குறுக்கே வெட்டிச் சிவந்த சதை நம் பக்கம் திரும்பும்படி அடுக்கியிருப்பார். அது வியாபாரி வைக்கிற முறையேதான். வெட்டுமுகம் காட்டினால்தான் வாங்குபவர் நிற்பார். தட்டை மீனில் வெளுத்த அடிப்பக்கம் சிலது, புள்ளி போட்ட மேல்பக்கம் சிலது என்று மாற்றி மாற்றிப் போடுவதும் அப்படித்தான். பனிக்கட்டி கிடையாத காலம். ஆற்று மீனை மரத்தொட்டியில் உயிரோடு வைக்கலாம். கடல் மீன் வந்த அன்றே போக வேண்டும், இல்லையென்றால் உப்பு, இல்லையென்றால் காயவைப்பது.

மையிழை, ஜூன் 7

வெட்டுமுகம் பற்றிச் சொன்னது அருமை. ஓவியருக்கும் அதில் லாபம் உண்டு: சாம்பலும் வெள்ளியுமான மேசையில் அந்த ஒரு சிவப்புதான் கண்ணைப் பிடித்து இழுக்கிறது.

கிராக்கிக்கான காரணத்தையும் மறக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் என்று இறைச்சி விலக்கிய நாட்கள் வருடத்தில் ஏராளம். அந்த நாட்களில் ஊரே மீன்கடைக்குத்தான் வரும். ஆண்ட்வெர்ப் ஷெல்ட் ஆற்றங்கரைத் துறைமுகம். அந்த நூற்றாண்டின் நடுவில் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம்.

செங்காவி, ஜூன் 9

நெருப்பு பற்றிய வாதத்தை ஏற்கிறேன், நான் யோசிக்காத கோணம். ஆனால் நமக்கு ஐந்து பூதம். ஆகாயத்தை ஏன் விட்டார்கள்?

மையிழை, ஜூன் 9

அவர்கள் கணக்கு கிரேக்கத் தத்துவஞானி எம்பெடோக்ளஸ் காலத்திலிருந்தே நான்கு. அரிஸ்டாட்டில் அதைச் சூடு, குளிர், ஈரம், உலர்வு என்ற குணங்களால் கட்டினார்: நிலம் குளிரும் உலர்வும், நீர் குளிரும் ஈரமும், காற்று சூடும் ஈரமும், நெருப்பு சூடும் உலர்வும். ஐந்தாவது ஒன்றும் அவரிடம் உண்டு, ஆனால் அது நிலாவுக்கு மேலே, கோள்களுக்கு உரியது; மாறாது, கெடாது. நிலாவுக்குக் கீழே உள்ள நான்கும்தான் கலந்து, பிரிந்து, பிறந்து, அழுகும். சந்தையில் விற்கிற எல்லாமே அழுகும் சரக்கு. ஐந்தாவதற்கு அங்கே கடை போட வழியில்லை.

இந்தக் குணங்களை வைத்துக்கொண்டு பித்தம், கபம், பருவம், வயது என்று நான்கு நான்காகக் கோத்துக்கொண்டே போகலாம். அந்தக் காலத்துப் படிப்பாளிகளும் கோத்தார்கள். இந்தப் படங்களுக்குள் அவற்றைத் தேடப் போனால் எல்லாமே கிடைக்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

வெண்சுதை, ஜூன் 10

தத்துவம் போதும், சரக்குக்கு வருவோம். இந்தப் படங்களைப் பார்க்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி: மேசை ஏன் நம் மேல் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கிறது? கூடையை மேலிருந்து பார்க்கிறோம், அதைப் பிடித்திருக்கும் பெண்ணை நேரே பார்க்கிறோம், பின்னால் இருக்கும் கட்டடமோ கறாரான தொலைநோக்குக் கோட்டில் ஒரே புள்ளிக்கு ஓடுகிறது. மூன்றும் மூன்று பார்வை.

காரணம் பட்டறை வேலைமுறை. கூடை, முட்டைக்கோஸ், கோழி, பெண்ணின் தலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாதிரித்தாள். அக்காலத்தில் தாளிலிருந்து படத்துக்கு மாற்ற இரண்டு வழி: தாளின் பின்புறம் கருஞ்சுண்ணம் தேய்த்து, முன்புறக் கோட்டின் மேல் மழுங்கிய ஊசியால் அழுத்தி வரைவது, அல்லது கோடு நெடுக ஊசித்துளை போட்டுக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவது. இரண்டிலும் அளவு மாறாது. அதே கூடை முன்னாலும் பின்னாலும் ஒரே அளவில்தான் விழும். ஆகவே சரக்கு முழுவதையும் முன்தளத்திலேயே நெருக்கி வைக்க வேண்டியதாகிறது. ஆழம் வேண்டுமா, கட்டடம் பார்த்துக்கொள்ளும். தாளைப் புரட்டினால் வலது இடதாகும், அது ஒன்றுதான் சுலபமாகக் கிடைக்கிற மாற்றம். இவருடைய வெவ்வேறு படங்களில் ஒரே உருவங்கள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

சாயத்துக்கு அடியில் பார்க்க உதவும் அகச்சிவப்பு ஆய்வில், இவர் முதலில் போட்ட வரைகோடுகளுக்கு நடுவே நிறத்தைக் குறிக்கும் எழுத்துகளும் கிடைத்திருக்கின்றன. எந்த ஆடைக்கு எந்த நிறம் என்று முதலிலேயே குறித்து வைத்தால் கை நிற்காமல் ஓடும்.

வெண்சுதை, ஜூன் 10, பின்சேர்க்கை

நிறம் மாறுவதைக் கணக்கில் எடுக்காமல் இந்தக் காலத்துப் படங்களுக்கு அர்த்தம் சொல்லாதீர்கள். மூன்றைக் கவனியுங்கள்.

மலிவு நீலமான ஸ்மால்ட். கோபால்ட் சேர்த்து நீலமாக்கிய பொட்டாசியக் கண்ணாடியின் தூள். எண்ணெயோடு சேர்ந்தால் பொட்டாசியம் மெல்ல வெளியேறி எண்ணெய்க்குப் போய்விடும், கண்ணாடிக்குள் கோபால்ட்டின் சூழல் மாறும், நீலம் போகும். எண்ணெயும் மஞ்சளிப்பதால் கடைசியில் நிற்பது பழுப்புச் சாம்பல். மாவாக அரைத்தால் சீக்கிரம் கெடும், கொரகொரப்பாக விட்டால் நிறம் தாங்கும், ஆனால் பூச வராது. சாம்பல் வானத்தைக் கண்டதும் “மழைநாள்” என்று எழுதுவதும், சாம்பல் பாவாடையைக் கண்டதும் “ஏழைப் பெண்” என்று எழுதுவதும் இதைப் பார்க்காமல் செய்கிற வேலை.

அடுத்து, சாறு எடுத்துச் செய்த சிவப்பும் மஞ்சளும் வெளிச்சத்தில் வெளுக்கும். நீலத்தின் மேல் அந்த மஞ்சளைப் பூசிப் பச்சை வரவழைத்திருந்தால் மஞ்சள் போய் இலை நீலமாக நிற்கும். மூன்றாவது தாமிரப் பச்சை, அது பழுப்பாகும். கீரை வாடிக் கிடக்கிறது என்று நினைத்தால் வாடியது நிறமியாக இருக்கும்.

செங்காவி, ஜூன் 11

அந்தக் கட்டடங்கள் ஆண்ட்வெர்ப்பில் இருந்தவையா?

மையிழை, ஜூன் 11

இல்லை, புத்தகத்திலிருந்து வந்தவை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபாஸ்தியானோ செர்லியோவின் நூலை ஆண்ட்வெர்ப் ஓவியர் பீட்டர் கூக்கெ 1539 முதல் பகுதி பகுதியாக டச்சு மொழியில் கொண்டுவந்தார். அதிலுள்ள தூண், வளைவு, நாடக மேடைத் தெரு எல்லாம் ப்யூக்கெலாருக்குத் தயார்ச் சரக்கு. இதிலும் ஒரு நோக்கம் உண்டு. தெருக் கோடுகள் எல்லாம் ஒரு புள்ளிக்கு ஓடும்போது கண்ணும் கூடவே ஓடும். இவர் படங்கள் பலவற்றில் வேதக்காட்சி அந்த வழியில்தான் காத்திருக்கும். முன்னால் சரக்குக் குவியல் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது, கட்டடம் உள்ளே போகச் சொல்கிறது. இந்த இழுபறியைத்தான் நான் படத்தின் பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன். லூக்கா 10-ல், விருந்து வேலையில் மூழ்கிய மார்த்தாளிடம் இயேசு சொல்வதும் இதைப் பற்றியதுதான்: பல காரியங்களுக்காகக் கவலைப்படுகிறாய், தேவையானது ஒன்றே. நெருப்புப் படத்தில் அடுப்படியின் அத்தனை இறைச்சியையும் தாண்டித்தான் நாம் அந்த வாசலுக்குள் எட்டிப் பார்க்க முடிகிறது.

கடல்நண்டு, ஜூன் 12

மார்த்தாளுக்குச் சரி, மீனுக்கும் சரி. கெட்ட குமாரனுக்கும் கோழிக்கும் என்ன உறவு? எகிப்துக்கு ஓடுகிறவர்களுக்கும் முட்டைக்கோசுக்கும்?

மையிழை, ஜூன் 12

எல்லாப் பொருத்தமும் ஒரே அளவு இறுக்கமில்லை. அதை மறைத்து நான்கையும் சமமாக விளக்கப் பார்ப்பதுதான் உரையாசிரியர்கள் செய்கிற தப்பு. நெருப்பு மிக இறுக்கம்: சமையலறைக்கு மார்த்தாள் கதை இயல்பாகவே பொருந்துகிறது. நீரும் அப்படியே. காற்று கொஞ்சம் தளர்வு. ஆனால் பறவை விற்பவர்களைக் காம விளையாட்டோடு சேர்த்துப் பார்ப்பது அந்நாட்டு வழக்கம், பின்னால் குமாரன் சொத்தைப் பெண்களோடு கரைக்கிறான், முன்னால் சேவலும் கோழியும். போதும். நிலம்தான் மிகத் தளர்வு. பின்னணியில் அந்தக் குடும்பம் ஒரு பாலத்தைக் கடக்கிறது, நமக்கு முன்னால் மண் கொடுத்த அத்தனையும் மலையாகக் குவிந்திருக்கிறது. மண்ணின் மேல் போகிற பயணி என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆர்ட்சென் 1551-லேயே தன் இறைச்சிக்கடைக்குப் பின்னால் இதே பயணத்தை வைத்துவிட்டதால், பழகிய பின்னணியை எடுத்துப் போட்டார் என்பதே எனக்கு நேர்மையான விளக்கமாகப் படுகிறது.

வெண்சுதை, ஜூன் 12

காய்கறி பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று. இப்படிப்பட்ட கடைப் படங்களில் செர்ரியும் திராட்சையும் குளிர்கால முட்டைக்கோசும் ஒரே நாளில் கிடக்கும். எந்தச் சந்தையிலும் நடக்காது. பருவத்துக்குப் பருவம் நேரில் பார்த்து வரைந்து வைத்த மாதிரித்தாள்களை ஒரே மேசையில் சேர்த்தால் இதுதான் வரும். கரேல் வான் மாண்டர் 1604-ல் எழுதிய ஓவியர் வரலாற்றில் இதற்கு ஒட்டிய குறிப்பு உண்டு: நிறம் சேர்ப்பதில் திணறிய மருமகனைப் பழம், காய், மீன், பறவை எல்லாவற்றையும் இயற்கையைப் பார்த்தே வரைய வைத்தார் மாமா, அதில்தான் கை திருந்தி வேகம் வந்தது.

அவரே சொல்கிற இன்னொன்று மனதை வருத்துகிறது. ப்யூக்கெலாருக்கு வாழ்நாளில் நல்ல விலை கிடைக்கவில்லை. உருவப்பட ஓவியர் அந்தோனிஸ் மோருக்காக ஆடை வரையும் நாட்கூலி வேலையும் செய்திருக்கிறார். செத்த பிறகு அதே படங்களின் விலை பல மடங்கு ஏறியது.

கடல்நண்டு, ஜூன் 13

ஆரஞ்சு நிறக் கேரட்டை ஆரஞ்சு இளவரசர் வில்லியமைக் கௌரவிக்க டச்சு விவசாயிகள் உருவாக்கினார்கள் என்பார்களே?

வெண்சுதை, ஜூன் 13

அதற்குச் சான்று இல்லை. ஆர்ட்சென், ப்யூக்கெலார் கடைகளிலேயே ஆரஞ்சுக் கேரட் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. வில்லியம் ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சித் தலைவராவதற்கு முன்பே ஊர்ச் சந்தையில் விற்றிருக்கிறது.

செங்காவி, ஜூன் 15

யார் வாங்கியிருப்பார்கள் இவ்வளவு பெரிய படத்தை?

மையிழை, ஜூன் 15

ஆண்ட்வெர்ப்பில் படமே சந்தைச் சரக்குதான். 1540-லேயே புதிய வணிக மன்றத்தின் மாடியில் ஓவியம் விற்க நிரந்தரக் கடைகள் வந்துவிட்டன. முன்கூட்டிச் சொல்லி வரையாத படத்தையும் அங்கே போய் வாங்கலாம். ஆனால் ஒரே அளவில் நான்கு, இரண்டு வருட வேலை என்றால் யாரோ கேட்டுச் செய்தது என்றே நினைக்கத் தோன்றும். பலகையை விட்டுக் கித்தானைத் தேர்ந்ததையும் கவனியுங்கள்: இரண்டு மீட்டர் ஓக் பலகை கனம், ஈரம் மாறினால் விரியும், பிளக்கும், கித்தானைச் சுருட்டி வண்டியில் ஏற்றலாம். தூர தேசத்துக்கு அனுப்ப வசதி. இவருடைய படங்கள் இத்தாலியப் பிரபுக்களான ஃபர்னேசே குடும்பம் வழியாக இத்தாலிக்குப் போனது தெரிந்த விஷயம். அவை இன்று நேப்பிள்ஸ் கப்போடிமோன்ட்டே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிரெமோனா ஓவியர் வின்சென்ஸோ காம்ப்பி 1580 வாக்கில் பழக்காரி, மீன்காரர், கோழிக்காரர் என்று வரைந்தது இந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான். பின்னணி வேதக்காட்சியை அவர் விட்டுவிட்டார், சரக்கும் ஆட்களும் மட்டும் மிஞ்சின.

வெண்சுதை, ஜூன் 16

பூதங்களை நேராகக் காட்ட வேண்டும் என்று நினைத்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்றும் பார்த்துவிட்டால் செங்காவியின் முதல் கேள்வி தெளிவாகும். ஆண்ட்வெர்ப் ஓவியர் மூத்த யான் ப்ரூகல், மிலானின் கர்தினால் ஃபெதெரிகோ பொரோமேயோவுக்கு 1608 முதல் 1621 வரை நான்கு பூதங்களை வரைந்தார். காற்றுக்கு ஒரு தேவதை, சுற்றிலும் நூறு பறவை. நீருக்குச் சுற்றிலும் மீனும் சிப்பியும். நெருப்பில் அவரும் ஆயுதப் பட்டறை, கண்ணாடி, உலோகம் என்று வேலையிடத்துக்குத்தான் போகிறார், அதைக் கவனிக்க வேண்டும். 1796-ல் நெப்போலியன் படை நான்கையும் பாரிசுக்குத் தூக்கிப்போனது. நெருப்பும் நீரும் மிலானுக்குத் திரும்பின, காற்றும் நிலமும் லூவ்ரிலேயே தங்கிவிட்டன.

செங்காவி, ஜூன் 17

அப்படியானால் ஆண்ட்வெர்ப் ஓவியர் ஃப்ரான்ஸ் ஸ்னைடர்ஸின் நான்கு பெரிய கடைப் படங்கள்? ரஷ்யாவின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் இருப்பவை. அதையும் பூதங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள்.

மையிழை, ஜூன் 17

பழக்கடை, காய்கறிக்கடை, மீன்கடை, வேட்டைக்கறிக்கடை. ஜூன் 5 இரவு சொன்ன சோதனையை இதில் போட்டுப் பாருங்கள். மீன் நீர், வேட்டைப் பறவைகளைக் காற்று என்று கொள்ளலாம். பழமும் காயும் இரண்டுமே நிலம். அடுப்பு இல்லை. நெருப்புக்காக யாரும் சந்தையை விட்டு வெளியேறவில்லை. பிஷப் அந்தோனியுஸ் த்ரீஸ்ட்டின் மாளிகை உணவுக்கூடத்துக்குப் பொருத்தமான செழிப்பு அவை, பூதங்கள் அல்ல. பின்னால் இங்கிலாந்தில் வால்போல் குடும்பத்தின் ஹவுட்டன் மாளிகைக்கு வந்து, 1779-ல் காத்தரீன் மகாராணி வாங்க ரஷ்யா போயின. நான்கு என்ற எண்ணைக் கண்டதும் பூதம் என்று எழுதிவிடுகிறவர்கள் முதலில் நெருப்பு எங்கே என்று தேடட்டும்.